இங்கிலாந்துக் கிராமத்துப் பழைய தேவாலயம்: எங்கே ஆரம்பித்து, எதைப் பார்ப்பது?

இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்தவர்கள் கேன்டர்பரி, யார்க், டரம் என்று பெரிய கதீட்ரல்களைத் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். போகிற வழியில் ஊருக்கு ஊர் நிற்கும் சின்னத் தேவாலயங்களுக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். இடைக்காலத்தில் எழுந்த பங்குத் தேவாலயங்கள், அதாவது அந்தந்த ஊர்மக்களுக்கான தேவாலயங்கள், 8,000க்கும் மேல் இன்றும் அந்த நாட்டில் இருக்கின்றன. நார்ஃபோக் மாவட்டத்தில் மட்டுமே 600க்கும் மேல். கட்டிய நாளிலிருந்து இன்றுவரை ஒரே காரியத்துக்காகப் பயன்பட்டுவரும் கட்டடங்கள் இவை. பல இடங்களில் பகலில் கதவு திறந்தே இருக்கும், நுழைவுக் கட்டணமும் கிடையாது.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் கேட்பது, “இது எந்த நூற்றாண்டு?” என்றுதான். அந்தக் கேள்வியை முதலில் ஓரமாக வையுங்கள். தாத்தா கட்டிய வீட்டில் அப்பா ஓர் அறையை இழுத்துக் கட்டி, மகன் மாடி எடுத்தால் அந்த வீட்டுக்கு என்ன வயது சொல்வது? இந்தத் தேவாலயங்களும் அப்படித்தான் வளர்ந்தவை. எது முதலில் வந்தது, எது அதன்மேல் ஏறியது, யார் காசு கொடுத்தது என்று கேட்டுப் பழகினால் கட்டடம் தானாகவே பேச ஆரம்பிக்கும். அதற்கான வரிசையைத்தான் கீழே தருகிறேன்.

கிளம்பும் முன்

ஒரு சின்ன டார்ச், ஒரு பைனாகுலர். இரண்டும் இருந்தால் போதும். பைனாகுலர் கூரைக்கும் ஜன்னலின் மேல்பகுதிக்கும் வேண்டும். டார்ச் சுவர்க் கீறல்களுக்கு. குளிர்காலத்தில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். ஞாயிறு காலை ஆராதனை நேரமாக இருந்தால் முடியும்வரை காத்திருந்து பாருங்கள். பூட்டியிருந்தால் வாசல் பலகையைப் படியுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள்.

முதலில் உள்ளே போகாதீர்கள்

கதவு திறந்திருந்தாலும் சரி, வெளியே ஒரு முழுச் சுற்று வந்துவிட்டு அப்புறம் உள்ளே போங்கள். பாதிக் கதை வெளிச்சுவரில்தான் இருக்கிறது.

திசையைப் பிடித்துக்கொள்வது சுலபம். பலிபீடம் கிழக்கே இருக்கும். ஆகவே கட்டடம் மேற்கிலிருந்து கிழக்காக நீண்டு கிடக்கும். மேற்குக் கோடியில் பெரும்பாலும் மணிக்கோபுரம், அதை ஒட்டி மக்கள் கூடும் நடுக்கூடம், கிழக்கில் குருவானவர் பூசை செய்யும் பீடப்பகுதி. நடுக்கூடத்தை நேவ் என்றும் பீடப்பகுதியைச் சான்சல் என்றும் சொல்வார்கள். அங்கே வைத்திருக்கும் கையேட்டில் இந்தப் பெயர்கள் வரும். வாசல் மண்டபம் வழக்கமாகத் தெற்குப் பக்கம். சான்சலின் தெற்குச் சுவரில் குட்டியாக ஒரு தனிக் கதவு தென்பட்டால், அது குருவானவருக்கான வழி.

அடுத்து, கல். அந்தக் காலத்தில் கல்லை வண்டியில் ஏற்றி இழுப்பது பெருஞ்செலவு என்பதால் பக்கத்தில் கிடைத்ததை வைத்தே கட்டினார்கள். காட்ஸ்வோல்ட் பகுதியில் தேன்நிறச் சுண்ணாம்புக்கல், ஹெர்ஃபோர்ட்ஷயரில் சிவந்த மணற்கல், கார்ன்வாலில் கிரானைட். நல்ல கட்டடக்கல் இல்லாத நார்ஃபோக், சஃபோக் பக்கம் சக்கிமுக்கிக் கல். உருண்டு திரண்ட அந்தக் கல்லை வைத்து மூலை பிடிப்பது கடினம். அதனால்தான் அங்கே வட்டக் கோபுரங்கள் வந்தன என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அது முழுக் காரணமாகப் படவில்லை. அதே கல்லில் சதுரக் கோபுரங்களும் ஏராளமாக எழுந்திருக்கின்றன. எப்படியானாலும் இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கும் வட்டக் கோபுரங்களில் பாதிக்கு மேல் நார்ஃபோக்கில்தான்.

இனி சுவரில் தையல்களைத் தேடுங்கள். மேலிருந்து கீழாக நேர்கோடாக ஓர் இடைவெளி ஓடி, இரு பக்கக் கற்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் நின்றால், அங்கே ஒரு கட்டடம் முடிந்து இன்னொன்று ஒட்டப்பட்டிருக்கிறது. அடைக்கப்பட்ட ஜன்னல், அடைக்கப்பட்ட கதவு ஆகியவற்றின் விளிம்பும் இப்படிக் காட்டிக்கொடுக்கும். கோபுரத்தின் கிழக்கு முகத்தைக் கட்டாயம் அண்ணாந்து பாருங்கள். இப்போதிருக்கும் கூரைக்கு மேலே தலைகீழ் ‘வி’ போல் ஒரு கல்வரி துருத்திக்கொண்டிருந்தால், அதுதான் பழைய கூரை வந்து முட்டிய இடம். செங்குத்தான அந்தக் கூரையைப் பிரித்துவிட்டு, சுவரை உயர்த்தி, ஏறக்குறைய தட்டையான ஈயக் கூரை போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

ஜன்னல்: நேரம் எடுத்துப் பழக வேண்டிய பாடம்

காலவரிசைக்கு எல்லோரும் நம்புவது ஜன்னலையும் வளைவையும்தான். இன்று நாம் பயன்படுத்தும் பாணிப் பெயர்களை 1817இல் தாமஸ் ரிக்மன் என்பவர் வகுத்துக் கொடுத்தார். கீழே வரும் ஆண்டெல்லைகளில் பத்திருபது வருடம் முன்பின் இருக்கும், ஆனால் வரிசை மாறாது.

1066இல் பிரான்சிலிருந்து நார்மன்கள் படையெடுத்து வருவதற்கு முன் கட்டியவை சாக்சன். இவற்றின் ஜன்னல் மிகச் சிறியது. தலைப்பகுதி அரைவட்டமாக இருக்கும். இல்லையென்றால் இரண்டு கல்லை ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து முக்கோணமாக்கியிருப்பார்கள். மூலைக்கற்களைப் பாருங்கள்: ஒரு கல் நெட்டுக்குத்தாக, அதன்மேல் ஒன்று படுக்கையாக, மறுபடி நெட்டுக்குத்தாக என்று மாறி மாறி வந்தால் சாக்சன் என்று தைரியமாகச் சொல்லலாம். நார்த்தாம்ப்டன்ஷயரில் உள்ள ஏர்ல்ஸ் பார்ட்டன் கோபுரம் இதற்கு நல்ல பாடம். டரம் மாவட்டத்தில் எஸ்கோம் என்ற ஊரில் 7ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. பக்கத்தில் பாழடைந்து கிடந்த ரோமானியக் கோட்டையின் கற்களைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள். வடக்குச் சுவரில் ரோமானியப் படைப்பிரிவின் பெயர் வெட்டிய கல் ஒன்று தலைகீழாக உட்கார்ந்திருக்கிறது.

1066க்குப் பிறகு ஏறக்குறைய 1190 வரை நார்மன். தடித்த சுவர், பருத்த தூண், அரைவட்ட வளைவு. வளைவைச் சுற்றிக் கோணல்மாணலாகப் போகும் வெட்டு அலங்காரம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரே ஒரு நார்மன் தேவாலயம்தான் பார்க்க முடியும் என்றால் ஹெர்ஃபோர்ட்ஷயரின் கில்பெக் போங்கள். 1140 வாக்கில் கட்டியது. தெற்குக் கதவைச் சுற்றி ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும் பாம்புகளும் கொடிகளும், கூரை விளிம்புக்குக் கீழே சுற்றிலும் 80க்கும் மேற்பட்ட குட்டிக் கல்தலைகளும். நாயும் முயலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு கல்லை அங்கே தேடிப் பாருங்கள், மனம் இளகும்.

அடுத்து வளைவு கூராகிறது. 1190 முதல் 1280 வரையிலான ஆரம்ப ஆங்கிலப் பாணியில் ஜன்னல் ஒல்லியாக, உயரமாக, ஈட்டி முனையோடு இருக்கும். ஒன்றாகவும் வரும், கிழக்குச் சுவரில் மூன்று சேர்ந்தும் வரும். பிறகு அந்த ஜன்னல்களுக்கு இடையிலுள்ள சுவரே கரைந்துபோய், ஒரே பெரிய ஜன்னலுக்குள் கல்லாலான மெல்லிய கம்புகள் வட்டமாகவும் இலையாகவும் பின்னிக்கொள்கின்றன. இது டெக்கரேட்டட், ஏறக்குறைய 1280 முதல் 1350 வரை. லிங்கன்ஷயரின் ஹெக்கிங்டனில் இந்தப் பாணி முழுமையாகக் கிடைக்கும். அங்கே சான்சலின் வடக்குச் சுவரில், உயிர்ப்பு விழாவுக்கென்று (ஈஸ்டர்) கல்லில் செதுக்கிய, இயேசுவின் கல்லறையைக் குறிக்கும் மாடம் இருக்கிறது. அடியில் காவல் வீரர்கள் ஆளுக்கொரு பக்கம் சரிந்து தூங்குகிறார்கள்.

கடைசியாக, 1350 முதல் 1530கள் வரை பெர்ப்பண்டிகுலர். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஜன்னலின் நடுவில் நிற்கும் கல்கம்பைக் கீழிருந்து கண்ணால் தொடருங்கள். வளையாமல், பிரியாமல் நேரே போய் மேல்வளைவில் முட்டினால் பெர்ப்பண்டிகுலர். பாதியில் வளைந்து பூவாக விரிந்தால் டெக்கரேட்டட். இந்த ஒன்றைப் பழகிக்கொண்டாலே நாலைந்து தேவாலயங்களுக்குள் கண் தேறிவிடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பழைய சுவரில் ஓட்டை போட்டுப் புது ஜன்னல் வைப்பது கட்டடக்காரர்களுக்குச் சின்ன வேலை. 12ஆம் நூற்றாண்டுச் சுவரில் 15ஆம் நூற்றாண்டு ஜன்னல் இருப்பது சர்வசாதாரணம். ஆகவே ஜன்னலின் வயதைச் சுவரின் வயதாக எழுதிக்கொள்ளாதீர்கள்.

உள்ளே: யார் கட்டியது, யார் காசு?

உள்ளே போனதும் மேற்குக் கோடியில், கோபுரத்துக்கு அடியில் போய் நின்று கிழக்கே பாருங்கள். நடுக்கூடத்துக்கு இரு பக்கமும் தூண்வரிசையும், அதற்கு வெளியே பக்கக்கூடங்களும் இருக்கலாம். இவை பெரும்பாலும் பின்னால் சேர்த்தவை. ஊர் பெருகியபோது பழைய வெளிச்சுவரை இடிக்காமலே அதில் வளைவுகளைக் குடைந்து, வெளியே புதுச்சுவர் எழுப்பினார்கள். அதனால் தூண்களுக்கு மேலேயுள்ள சுவர் தூண்களைவிடப் பழையதாக இருக்கலாம்! அந்தச் சுவரில், வளைவு பாதியை வெட்டித் தின்றுவிட்ட பழைய ஜன்னல் ஒன்றின் மிச்சம் கண்ணில் பட்டால் அன்றைக்கு உங்களுக்கு நல்ல வேட்டை. வடக்குத் தூண்வரிசை உருண்டையாகவும் தெற்கு எண்கோணமாகவும் இருந்தால் இரண்டும் வேறு வேறு காலத்தில் வந்தவை. மேலேயுள்ள வளைவின் வடிவத்தைப் பார்த்தால் எது முந்தியது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

நடுக்கூடம் ஓங்கி உயர்ந்து ஒளி வெள்ளமாக இருக்க, சான்சல் மட்டும் தாழ்ந்து பழசாகக் கிடப்பதைப் பல ஊர்களில் பார்ப்பீர்கள். காரணம் பணம். சான்சலைப் பராமரிப்பது தசமபாக வருமானத்தை (ஊர் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) வாங்கும் ரெக்டரின் பொறுப்பு. நடுக்கூடத்தைப் பராமரிப்பது ஊர்மக்களின் பொறுப்பு. 13ஆம் நூற்றாண்டுக்குள் இந்தப் பிரிவினை நிலைத்துவிட்டது. ரெக்டர் என்ற இடத்தில் தூரத்து மடாலயம் ஒன்று உட்கார்ந்திருந்தால், அது வருமானத்தை வாங்கிக்கொண்டு சான்சலை ஒப்புக்குப் பார்த்துக்கொள்ளும். ஊரிலோ கம்பளி வியாபாரம் கொழிக்கும். அந்தக் காசெல்லாம் நடுக்கூடத்தில் வந்து இறங்கும். தலைகீழாகவும் நடந்திருக்கிறது: ஹெக்கிங்டனின் அழகான சான்சலுக்குப் பின்னால் நிற்பவர் அரசவைச் செல்வாக்குள்ள ரிச்சர்ட் டி பாட்ஸ்கிரேவ் என்ற குருவானவர்.

கொடுத்தவர்கள் தங்கள் பெயரை மறைக்கவும் இல்லை. சஃபோக்கின் லாங் மெல்ஃபோர்டில் வெளிச்சுவரின் உச்சியில் சக்கிமுக்கிக் கல்லுக்கு நடுவே எழுத்துகளைப் பதித்து, இன்னாருக்காக மன்றாடுங்கள் என்று நீளமாகக் கேட்டிருக்கிறார்கள். லாவனம் கோபுரத்தில் துணி வியாபாரி தாமஸ் ஸ்பிரிங்கின் வணிகக் குறி வெட்டப்பட்டிருக்கிறது. காட்ஸ்வோல்டின் நார்த்லீச்சில் தரையில் பதித்த பித்தளைத் தகடுகளில் வியாபாரிகள் கைகூப்பி நிற்க, அவர்கள் காலடியில் ஆடும் கம்பளி மூட்டையும். எதில் சம்பாதித்தார்களோ அதையே பீடமாக்கிக்கொண்டார்கள். எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்க்க மறக்காதீர்கள். கிழக்கு ஆங்கிலியாவில் (நார்ஃபோக், சஃபோக், அதை ஒட்டிய பகுதிகள்) 15ஆம் நூற்றாண்டு மரக்கூரைகளில் சிறகு விரித்த வானதூதர்கள் வரிசை வரிசையாக இருப்பார்கள். கேம்பிரிட்ஜ்ஷயரின் மார்ச் என்ற ஊரில் நூற்றுக்கும் மேல். பைனாகுலர் இங்கேதான் வேலை செய்யும்.

இல்லாததைப் பார்ப்பது

இன்று வெள்ளைச் சுவரும் அமைதியுமாக இருக்கும் இந்த இடம் 1500இல் முழுக்க வண்ணமாக இருந்தது. சுவரெல்லாம் ஓவியம், மூலைக்கு மூலை சுரூபம், விளக்கு, பக்கப் பீடங்கள். 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த சமயச் சீர்திருத்தத்திலும் 1640களின் உள்நாட்டுப் போர்க்காலத்திலும் அவை உடைந்தன, எரிந்தன, வெள்ளையடிக்குள் மறைந்தன. ஆனாலும் தடயம் இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

நடுக்கூடமும் சான்சலும் சந்திக்கும் வளைவுக்குப் பக்கத்தில், சுவரில் ஆளுயரத்துக்கு மேலே எங்கும் போகாத ஒரு கதவு அந்தரத்தில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வளைவின் குறுக்கே மரத் தடுப்பும், அதன்மேல் ஆள் நடக்கும் பரணும், பரணுக்கு மேல் சிலுவையில் தொங்கும் இயேசுவின் பெரிய சுரூபமும் இருந்தன. அந்தக் கதவு பரணுக்கு ஏறும் படிக்கட்டினுடையது. சுரூபங்கள் 1540களின் இறுதியில் இறக்கப்பட்டன. பரணை எடுத்துவிட்டுத் தடுப்பை மட்டும் விட்டுவைக்கும்படி எலிசபெத் ராணியின் காலத்தில் 1561இல் உத்தரவு வந்தது. தடுப்பு தப்பியிருந்தால் அதன் கீழ்ப்பலகையில் புனிதர்களின் படங்கள் இருக்கலாம். முகத்தை மட்டும் சுரண்டியிருப்பதும் உண்டு. நார்ஃபோக்கின் ரேன்வொர்த்தில் அந்த வண்ணத் தடுப்பு அருமையாகப் பிழைத்திருக்கிறது.

பலிபீடத்துக்குத் தெற்கே சுவரில் சின்ன மாடம், அதில் வடிகால் துளையோடு ஒரு கல்கிண்ணம் இருக்கும். பூசைப் பாத்திரங்களைக் கழுவிய நீரை ஊற்றும் இடம் அது. இதே கிண்ணம் பக்கக்கூடத்தின் கிழக்குக் கோடியில், வெறும் சுவரில், அர்த்தமில்லாமல் இருப்பதுபோல் தோன்றினால் அங்கேயும் ஒரு பீடம் இருந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஞானஸ்நானத் தொட்டியின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். எதிரெதிரே இரண்டு இடத்தில் கல் பெயர்ந்து ஒட்டுப் போட்டிருக்கும், அல்லது துருப்பிடித்த இரும்புத் துண்டு மிச்சமிருக்கும். மந்திரிக்கப்பட்ட தண்ணீரை எடுத்துச் சூனியத்துக்குப் பயன்படுத்திவிடுவார்கள் என்ற பயத்தில், தொட்டிகளுக்கு மூடி போட்டுப் பூட்ட வேண்டும் என்று 1236இல் கேன்டர்பரி பேராயர் எட்மண்ட் ஆணையிட்டார். அந்தப் பூட்டு பிடுங்கப்பட்ட காயம்தான் அது.

சுவரோவியம் மீண்டுவந்த கதைகளில் சஃபோக்கின் வென்ஹாஸ்டன் கதைக்கு ஈடில்லை. 1892இல் பழுதுபார்க்கும்போது, சான்சல் வளைவுக்கு மேலிருந்த வெள்ளையடித்த பலகைகளைக் கழற்றி வெளியே கல்லறைத் தோட்டத்தில் போட்டுவிட்டார்கள். இரவு பெய்த மழையில் வெள்ளை கரைந்து, இறுதித் தீர்ப்புக் காட்சி வெளியே வந்தது. அந்தப் பலகைகள் இப்போது உள்ளே இருக்கின்றன.

டார்ச்சை எடுங்கள்

விளக்கைச் சுவருக்கு நேரே அடிக்காமல், சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். மெல்லிய கீறல்கள் நிழலோடு எழுந்து வரும். தூண்களிலும் கோபுரத்தின் உட்சுவரிலும் கதவோரங்களிலும் தேடினால் கப்பல், கைவடிவம், காம்பஸால் கீறிய ஆறிதழ்ப் பூ எல்லாம் கிடைக்கும். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் ஆஷ்வெல்லில் கோபுரத்துக்குள் 1350 என்ற ஆண்டோடு ஒரு லத்தீன் எழுத்து இருக்கிறது. கொள்ளைநோய்க்குப் பின் மிஞ்சியது மக்களில் கடைநிலையானவர்களே என்று யாரோ சுவரில் கீறியிருக்கிறார். அதே கோபுரத்தில், 1666இல் எரிந்துபோன லண்டனின் பழைய செயின்ட் பால் தேவாலயம் எனக் கருதப்படும் கீறல்படமும் இருக்கிறது. தொடாமல் பாருங்கள், விரல் பட்டுப் பட்டே இவை தேய்கின்றன.

19ஆம் நூற்றாண்டைக் கழித்துப் பாருங்கள்

இதைச் செய்யாவிட்டால் மேலே சொன்னதெல்லாம் தடம் புரளும். விக்டோரியா காலத்தில் ஏறக்குறைய எல்லாத் தேவாலயங்களையும் ‘புதுப்பித்தார்கள்’. தங்களுக்குப் பிடித்த 13, 14ஆம் நூற்றாண்டுப் பாணியில் புது ஜன்னல்களை வைத்தார்கள், சுவர்ப்பூச்சைச் சுரண்டிக் கல்லை வெளியே காட்டினார்கள். பளபளக்கும் வண்ண ஓடு பதித்த தரை, ஒரே அளவில் வார்னிஷ் அடித்த இருக்கைகள், கத்தியால் வெட்டியதுபோல் கூர் மழுங்காத கல்விளிம்பு இவையெல்லாம் அந்தக் காலத்து வேலை என்று சந்தேகியுங்கள். வெறுங்கல் தெரியும் உட்சுவர்தான் பழமை என்று பலர் நினைக்கிறார்கள்; இடைக்காலத்தில் அதன்மேல் பூச்சும் வண்ணமும் இருந்தன. இந்தச் சுரண்டலைத் தடுக்கத்தான் வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸ் 1877இல் பழைய கட்டடங்களுக்கான பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்.

முதல் பயணத்துக்கு எங்கே?

தேம்ஸ் நதியின் மேற்பகுதியில், லெச்லேட் ஊரைச் சுற்றியுள்ள பகுதியில் மூன்று தேவாலயங்களை ஒரே நாளில் பார்க்கலாம். கார் இருந்தால் நல்லது. கிராமத்துப் பேருந்துகளை நம்பினால் மூன்றும் முடியாது.

காலையில் இங்கிள்ஷம் போங்கள். சின்னது, மாரிஸின் முயற்சியால் சுரண்டலிலிருந்து தப்பியது. பெட்டி பெட்டியாக அடைத்த பழைய மர இருக்கைகள், ஒன்றின்மேல் ஒன்றாக உரிந்து தெரியும் பல நூற்றாண்டுச் சுவரெழுத்துகள், சாக்சன் காலத்து மரியாளும் குழந்தையும். இப்போது வழிபாடு நடப்பதில்லை, கைவிடப்பட்ட தேவாலயங்களைக் காக்கும் அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. அடுத்து ஃபேர்ஃபோர்ட். கம்பளி வியாபாரி ஜான் டேம் 1490களில் திரும்பக் கட்டத் தொடங்கியது. இடைக்கால வண்ணக் கண்ணாடி முழுத் தொகுதியாக, 28 ஜன்னல்களிலும், மிஞ்சியிருக்கும் ஒரே ஆங்கிலப் பங்குத் தேவாலயம் இது. மேற்கு ஜன்னலில் இறுதித் தீர்ப்பு. மாலை வெயில் அதன் வழியாக விழும். ஆகவே மதியத்தில் நார்த்லீச்சுக்குப் போய்ப் பித்தளைத் தகடுகளைப் பார்த்துவிட்டு, மாலையில் ஃபேர்ஃபோர்டுக்குத் திரும்பி வந்தாலும் தகும்.

எங்கே போனாலும் இரண்டு விஷயம். சுவரிலோ கதவருகிலோ ஓர் உண்டியல் இருக்கும். கூரைச் செலவுக்கு ஊர்க்காரர்கள் திண்டாடுகிறார்கள், ஏதாவது போடுங்கள். வாசல் மண்டபத்தில் கம்பிவலைக் கதவு இருந்தால் வெளியே வரும்போது கட்டாயம் சாத்துங்கள். பறவை உள்ளே புகுந்துவிட்டால் வெளியே வர வழி தெரியாமல் செத்துப்போகும்.